வெளுத்ததெல்லாம் விறகல்ல

அடி அண்ணாமலையில் நாங்கள் வாங்கிய நிலத்தோடு ஒரு பழைய ஓட்டு வீடும் சேர்ந்து வந்தது. முன்பக்கம் திண்ணை, திண்ணைக்கு எட்டு மரத்தூண், பின்பக்கம் தோட்டத்துக் கதவு. பல வருடம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடு. திண்ணைக் கூரை எப்போதோ சரிந்துவிட்டதால் தூண்கள் மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தன. சாம்பல் பூத்து, நரம்பு நரம்பாக வெடித்து, கை வைத்துத் தேய்த்தால் விரலில் வெள்ளையாக நார் ஒட்டும்.

பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறிக் காட்டினார். "மரம் செத்துப்போச்சு சார். வெயில்ல வெந்து போயிடுச்சு. வெறகு வெலதான் போவும்" என்றார். எட்டுத் தூணுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் கொடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இடம் காலியாச்சே என்று எனக்கும் திருப்திதான்.

பத்து நாள் கழித்து வாசக்காலைச் சரி பண்ண ஆசாரி வந்தார். வாசக்காலும் தூண் மாதிரியே சாம்பல் நிறம். இழைப்புளியை வைத்து நாலு இழுப்பு இழுத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. அடியில் தேன் நிறத்தில் தேக்கு! வாசனை கூட அப்படியே இருந்தது. அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "தூணும் இதே மரமாத்தான சார் இருந்திருக்கும்? எங்க அது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். நகைக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். அழுக்கேறிக் கறுத்த சங்கிலியைப் பார்த்து 'இது பித்தளை' என்று ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எதுவும். அப்படிப்பட்டவன் மரத்தை மட்டும் கலரைப் பார்த்தே விற்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான், வெயில் மரத்தை என்னதான் செய்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் பக்கம் ஓட்டு வீடுகள் வரிசையாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. தாத்தா காலத்து விட்டமும் கைமரமும் கதவும் 'செத்த மரம்' என்ற பெயரில் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

மரத்தை ஒரு மண்சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை வெட்டிப் போட்டு மிதித்துக் கட்டுவோமே, அந்தச் சுவர். வைக்கோல் இழுத்துப் பிடிக்கும், மண் அதைக் கட்டிப் பிடிக்கும். மரத்தில் வைக்கோல் வேலையைச் செய்வது செல்லுலோஸ் என்ற நார். காய்ந்த மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி அதுதான். மண் வேலையைச் செய்வது லிக்னின். மரத்துக்கு மரம் மாறினாலும் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் இருக்கும். இவை தவிர, மரத்துக்கு நிறமும் வாசனையும் கசப்பும் கொடுக்கிற சாறுகள் கொஞ்சம். தேக்கின் எண்ணெய்ப் பசை, வேம்பின் கசப்பு, கருவேலத்தின் துவர்ப்பு எல்லாம் இந்த வகை.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் சிறு பங்குதான் இருக்கிறது. ஆனால் மரத்துக்கு அதுதான் எமன். செல்லுலோஸ் அந்தக் கதிரை அவ்வளவாக ஏற்பதில்லை. லிக்னினோ பஞ்சு தண்ணீரை இழுப்பது போல் இழுத்துக்கொள்ளும். மரத்தின் மேல் விழுந்து உறிஞ்சப்படுகிற புற ஊதாக் கதிரில் பெரும் பங்கை லிக்னின்தான் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சக்தியால் அதன் பிணைப்புகள் அறுகின்றன. அறுந்த துண்டுகளோடு காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்கிறது. அப்போது மஞ்சளும் பழுப்புமான புதுப் பொருள்கள் உண்டாகின்றன. புதுக் கட்டை வெயில் பட்டதும் முதலில் மஞ்சளித்துப் பழுப்பேறுவது இதனால்தான்.

பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதே கதைதான். மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற மலிவுக் காகிதத்தில் லிக்னின் தங்கிவிடும். ஜன்னலோரம் ரெண்டு நாள் கிடந்தாலே பேப்பர் பழுத்துப்போகும். வங்கியில் நாங்கள் எழுதிய பழைய பேரேடுகள் அத்தனை வருடம் கழித்தும் அவ்வளவாக மஞ்சளாகாமல் இருந்ததற்கு, அந்தக் காகிதத்தில் லிக்னினை நீக்கியிருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த கட்டம் மழை. வெயிலில் உடைந்த லிக்னின் துண்டுகள் தண்ணீரில் கரையும். மழை வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். மண்சுவரில் மண் கரைந்து வைக்கோல் துருத்திக்கொண்டு நிற்குமே, அதுபோல மேற்பரப்பில் வெறும் செல்லுலோஸ் நார் மட்டும் நிற்கும். செல்லுலோஸ் வெள்ளை. என் விரலில் ஒட்டிய வெள்ளை நார் அதுதான். அந்த வெள்ளை சாம்பலாக மாறுவது பூஞ்சணத்தால். ஆரியோபசிடியம் என்று ஒரு கரும்பூஞ்சணம் உலகம் பூராவும் உண்டு. வெயில் உடைத்துப் போட்ட மிச்சத்தைத் தின்றே அது பிழைக்கும். அதன் கறுப்புப் புள்ளிகளும் நாரின் வெள்ளையும் கலந்து தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரியும். இது மரத்தின் வலுவைத் தின்னும் பூஞ்சணம் இல்லை. மேலேயே மேய்கிற ஜாதி.

இதெல்லாம் எவ்வளவு ஆழத்தில் நடக்கிறது என்பதுதான் எனக்கு நாலாயிரம் ரூபாய்ப் பாடம். புற ஊதாக் கதிர் மரத்துக்குள் சுமார் 75 மைக்ரான் வரைதான் இறங்கும். ஒரு தலைமுடியின் பருமன், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி 200 மைக்ரான் வரை போகும். அதுவும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் கீழே இருக்கிற மரத்துக்கு வெளியே வெயில் அடிப்பதே தெரியாது. மேல்தோல் தேய்ந்து உதிர உதிரக் கீழே அடுத்த தோல் வெளிச்சத்துக்கு வரும். ஆனால் அது மிக மெதுவாக நடக்கும் வேலை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் இருக்கும் அரசு வனப்பொருள் ஆய்வகம் இதை நெடுங்காலம் அளந்து பார்த்திருக்கிறது. பைன் போன்ற மென்மரங்களிலேயே தேய்மானம் நூறு வருடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். அடர்த்தியான மரங்களில் அதிலும் பாதி. நம் வெயில் அங்கத்திய வெயில் இல்லைதான். ஆனாலும் ஆறு அங்குலத் தூணில் வெயில் தின்றது எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நம் பக்கத்திலேயே பெங்களூருவில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மரத்தின் மேல் செயற்கை வெயிலைப் பாய்ச்சி, அகச்சிவப்புக் கதிர் கொண்டு மேற்பரப்பை அளந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். 2005ல் வந்த கட்டுரைகள் உண்டு. வெளிச்சம் படப்பட லிக்னினுக்குரிய அடையாளம் குறைந்துகொண்டே போவதும், ஆக்சிஜன் ஏறிய பொருள்களின் அடையாளம் கூடிக்கொண்டே வருவதும் அந்த அளவீட்டில் வரைபடமாகவே தெரிகிறது.

எங்கள் வீடே இதற்கு ஒரு நல்ல படம். அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம். காலையில் சூரியன் மலையைத் தாண்டி வர வேண்டும். அதனால் கிழக்கு வாசலுக்கு வெயில் தாமதமாகத்தான் வரும், போதாக்குறைக்குத் தாழ்வாரமும் உண்டு. அந்தக் கதவு இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. மேற்கே மறைக்க ஒன்றுமில்லை. தோட்டத்துக் கதவு மத்தியானம் முதல் பொழுது சாயும் வரை வெந்துகொண்டிருக்கும். சாம்பலாகிப் போயிருந்தது. ஒரே மரம், ஒரே தச்சன், ஒரே வயது. நடுவீட்டுக் கதவில் யாரோ பல வருடம் காலண்டர் மாட்டியிருந்திருக்கிறார்கள். அதை எடுத்தால் சதுரமாக ஒரு வெளிர் தடம். வீட்டுக்குள்ளேயும் வெளிச்சம் வேலை செய்கிறது. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், மீதி உள்ளே வரும்.

எல்லா மரமும் ஒரே மாதிரி மாறாது. பலா மரம் அறுத்த அன்று மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். நாளாக நாளாகச் செம்பழுப்பு. தேக்கு அறுத்த அன்று பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். வெயில் பட்டதும் எல்லாம் ஒன்றாகிப் பொன்பழுப்பாகும். அதைத் தெரியாமல் 'கலர் சரியில்லை' என்று புதுத் தேக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அந்தமான் படாக்கு இதற்கு நேர் எதிர். சிவப்பாக வாங்குவோம், சில வருடத்தில் சாதாரணப் பழுப்பாகிவிடும். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்தச் சாறுகளின் வேலை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு பலாக் கட்டையை இழைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து வெயிலில் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் காசை எடுத்தால் வட்டமாக மஞ்சள் தடம் இருக்கும்.

சரி, சாம்பல் என்றால் எல்லாம் நல்ல மரம் என்று அர்த்தமா? அப்படி நினைத்தால் அதுவும் ஏமாற்றம்தான். வெயில் வேறு, மக்குவது வேறு. மக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தலையெடுக்காது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு ஈரம் தங்குகிற இடத்தைப் பாருங்கள். தூணின் அடி, சுவருக்குள் புதைந்த விட்டத்தின் நுனி, ரெண்டு கட்டை சேரும் பொருத்து, ஓடு ஒழுகின இடத்துக்கு நேர் கீழே உள்ள கைமரம்.

ஆசாரி எனக்குக் காட்டிக் கொடுத்த முறை இது. கூர்மையான பேனாக்கத்தியை நாரின் போக்குக்குக் குறுக்கே குத்தி, நெம்பித் தூக்க வேண்டும். நல்ல மரம் 'சடக்' என்று சத்தம் போட்டு நீளமாகச் சிம்பு கொடுக்கும். மக்கின மரம் சத்தமில்லாமல் குட்டையாக, பிஸ்கட் மாதிரி ஒடியும். அப்புறம் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் உள்ளே வைரம் இருக்கிறது. பொத்தென்றால் கரையானோ உளுவோ குடைந்திருக்கிறது. கடைசியாக, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் இழைப்புளியை நாலு தடவை ஓட்டிப் பார்ப்பது. இதுதான் உரைகல். இந்த மூன்றும் பண்ண ஒரு கட்டைக்கு ரெண்டு நிமிடம் ஆகாது.

இன்னொரு கறுப்பும் இருக்கிறது. ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கருநீலமாகப் பரவியிருக்கும். அதைப் பார்த்து மரம் அழுகிவிட்டது என்பார்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு வரும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே மைதான் இது. ஆணிக்குப் பக்கத்திலும் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தோட்டத்துக் கதவில் நான் செய்த இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். இழைத்ததும் தேக்கின் அழகு வெளியே வந்தது. அது தெரிய வேண்டும் என்ற ஆசையில் கண்ணாடி போன்ற வார்னிஷ் மூன்று கோட் அடிக்கச் சொன்னேன். ஆசாரி வேண்டாம் என்றார். 'வாங்கின டப்பா வீணாகுமே' என்று அடித்தேன். இரண்டாவது கோடையில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளித்துப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. காரணம் இப்போது தெரிகிறது. மரம் நம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் வார்னிஷ் வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? அந்த வெளிச்சம் வார்னிஷுக்கு அடியில் இருக்கும் லிக்னினை உடைக்கிறது. வார்னிஷ் பிடித்துக்கொண்டிருந்த தோலே மாவாகிப் போகிறது. பிறகு வார்னிஷ் எதைப் பிடித்து நிற்கும்? வெடிப்பு வழியே புகுந்த மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சும்மா விட்டிருந்தால் சாம்பலாகி மட்டும் நின்றிருக்கும் கதவுக்கு, காசு செலவழித்து நானே ஈரத்தைக் கட்டிவைத்தேன்.

வெளிச்சத்தைத் தடுக்க வேண்டுமானால் ஒளி புகாத ஒன்று நடுவில் வேண்டும். அதற்கு நிறமி வேண்டும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, காவிதான்! காவி என்பது இரும்பு ஆக்சைடு. புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும், தானும் நிறம் மங்காது. சுவீடனில் ஃபாலூன் என்ற செம்புச் சுரங்க ஊர் இருக்கிறது. அந்தச் சுரங்கத்துச் செம்மண்ணில் செய்த சிவப்புப் பூச்சைத்தான் அந்த நாட்டுக் கிராமத்து மர வீடுகளுக்குப் பல நூறு வருடமாக அடித்து வருகிறார்கள். நான் உரிந்த வார்னிஷைச் சுத்தமாகச் சுரண்டி, மறுபடி இழைத்து, ஆளிவிதை எண்ணெயில் காவியைக் குழைத்து இரண்டு கை பூசினேன். கடையில் 'லின்சீட் ஆயில்' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். இப்போது நாலாவது வருடம். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, உரியவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை துடைத்துவிட்டு ஒரு கை பூசினால் போதும். தேக்கின் அழகு தெரியாது என்று வீட்டில் இன்னும் குறை சொல்கிறார்கள்.

எண்ணெயைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். மாட்டுத் தொட்டி, நுகத்தடி, விதைப்பெட்டிக்கு அது வேண்டாம். பச்சை எண்ணெயே போதும், உலர நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது முக்கியம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடேறும். சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். வைக்கோல் இருக்கிற இடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியைத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். புங்கம், வேம்பு, இலுப்பை எண்ணெய்கள் இப்படி உலர்ந்து படலம் ஆகாது. அவை ஊறும், ஆனால் காவியைப் பிடித்து நிறுத்தாது.

பூச்சு எல்லாவற்றையும்விடப் பெரியது கூரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு மழைப் பிரதேசத்தில் அத்தனை மரவேலை நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது. தாழ்வாரம் அவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும். ஓடாத நாளெல்லாம் அவற்றை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். என் தூண்களுக்கும் கூரை இருந்த வரைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த உபரி லாபம் வயல் பற்றியது. வைக்கோல் போரைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். வெளியே சாம்பல், உள்ளே பொன். வெயில் மரத்தில் செய்ததையேதான் வைக்கோலிலும் செய்கிறது, சருகிலும் செய்கிறது. மக்குவது என்றாலே நுண்ணுயிர் வேலை என்றுதான் நாம் பேசி வருகிறோம். 2006ல் ஆமி ஆஸ்டின், லூசியா விவாங்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், அர்ஜென்டினாவின் வறண்ட பட்டகோனியாவில் சருகின் மேல் வெயிலைத் தடுத்துப் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெயிலைத் தடுத்ததும் சருகு சிதைவது சுமார் 60 சதவீதம் குறைந்துவிட்டது. அதாவது அங்கே சருகைப் பெரும்பாலும் தின்றது வெயில்தான். வெயில் தின்றால் அந்தக் கரிமம் மண்ணுக்குள் போகாமல் நேரே காற்றுக்குப் போய்விடும். பட்டகோனியா குளிர்ந்த நாடு, நம் மானாவாரி நிலம் வேறு. இருந்தாலும் கோடையில் மூடாக்கை மெல்லிசாகப் பரப்பி வெயிலுக்குக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். பரப்பும் இடம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கனமாகப் போடுகிறேன், மேல் தோல் வெளுத்தாலும் அடியில் இருப்பது மண்ணுக்கு மிஞ்சும். முடிந்த இடத்தில் மரநிழலில் போடுகிறேன்.

தை மாதம் பக்கத்து நிலத்துக்காரர் தன் அப்பா கட்டின வீட்டைப் பிரித்தார். வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போனதாகச் சொன்னார், அதே விறகு விலைதான். "ஒரு நாள் பொறுங்க" என்று சொல்லி நானும் அவரும் கத்தியும் சுத்தியலுமாக உட்கார்ந்தோம். இருபத்திரண்டு கைமரம். எல்லாம் வேம்பு, எல்லாம் வெளுத்துக் கிடந்தன. பதினாறு சடக்கென்று சிம்பு கொடுத்தன. நாலில் சுவருக்குள் இருந்த நுனி மட்டும் மக்கியிருந்தது, ஒரு முழம் அறுத்துத் தள்ளினோம். இரண்டு உளுத்துப் போயிருந்தன, அவை அடுப்புக்குப் போயின. மீதி இருபதும் இப்போது அவர் மாட்டுக் கொட்டகைக் கூரையில் இருக்கின்றன. இழைக்கக்கூட இல்லை, சாம்பல் நிறத்தோடேயே ஏற்றிவிட்டார்.